அதற்குத் தெரிந்த வீடு

“சொல்லச் சொல்லக் கேக்காம வீட்டை விட்டுப் போயிடுச்சுய்யா” என்று போஸ்ட்மாஸ்டர் மொட்டை மாடியில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. யார் போனது, யாரோடு போனது என்று விசாரிக்கும் ஆவலில் நாலு பேர் மூச்சிரைக்க மாடியேறினார்கள். அங்கே அவர் கையில் ரிமோட்டுடன் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

போனது ட்ரோன். வந்தவர்களுக்கு உள்ளூர ஏமாற்றம்தான்.

அது வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு நண்பனிடம் கொடுத்துவிட்டது. மகன் வெளிநாட்டில் இருப்பது அந்தத் தெருவில் பேப்பர் போடுகிறவருக்குத் தெரியும், கேஸ் கொண்டுவருகிறவருக்குத் தெரியும், முக்குக் கடை நாய்க்குக்கூடத் தெரியும். ஓய்வுபெற்ற நாலு வருஷத்தில் போஸ்ட்மாஸ்டர் வேறு பேச்சே பேசியதில்லை.

மகன் போய் ஆறு வருஷம். போன வருஷம் அம்மா கண்ணை மூடியபோதுகூட லீவு கிடைக்காமல் போனிலேயே அழுதான். பாவம், என்ன செய்வான் என்று போஸ்ட்மாஸ்டர்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

பேத்தியையும் அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணி ஆனால் வந்துவிடுவாள். பின்னால் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட மஞ்சள் திரை. அங்கே அப்போது நடு ராத்திரியாம், அதனால் திரை எப்போதும் மூடியே இருக்கும். தாத்தா வீட்டை வானத்திலிருந்து படம் பிடித்து இந்த ஞாயிறு காட்டுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இன்று ஞாயிறு. மணி நாலரை. ட்ரோன் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, செல்போன் கோபுரத்துப் பக்கம் போனதும் சிக்னல் அறுந்துவிட்டது. ரிமோட் கீ கீ என்று கத்தியது. போஸ்ட்மாஸ்டர் அதற்குமேல் கத்தினார். அதைத் தொலைத்துவிட்டு அந்தக் குழந்தை முகத்தில் எப்படி முழிப்பது?

எதிர்வீட்டு போட்டோகிராபர் வந்து சேர்ந்தார். கல்யாண மண்டபங்களுக்கு மேலே இதே மாதிரி ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறவர்.

“பதறாதீங்க சார். சிக்னல் போனா அதுவே வீட்டுக்கு வந்துடும். பச்சை லைட் எரிஞ்சப்புறம்தானே ஏத்துனீங்க?”

எந்தப் பச்சை லைட் என்று போஸ்ட்மாஸ்டர் திருதிருவென்று முழித்தார்.

போட்டோகிராபர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏற்றுவதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் பொறுத்தால் பச்சை எரியுமாம். கிளம்பும் இடத்தைத் தன் வீடு என்று அது அப்போதுதான் மனசில் வாங்கிக்கொள்ளுமாம். பொறுக்காமல் ஏற்றினால், அதற்கு முன்னால் எந்த வீடு பதிந்திருக்கிறதோ அதைத் தேடிப் போய்விடுமாம்.

“இதுக்கு முன்னாடி யாராச்சும் ஓட்டுனாங்களா சார்?”

“எம் பையன்தான். அவன் வீட்டு மாடியில ஒரு தடவை ஏத்திப் பாத்துட்டுத்தான் குடுத்துவிட்டான். அப்போ இது இருபது நிமிஷ பாட்டரியில ஏழு கடல் தாண்டப் போவுதா? தாண்டட்டும். போனதுக்கு நாலு நாள் தங்கி, பேத்தியைக் கொஞ்சிட்டு வரட்டும்.”

மாடியே சிரித்தது. போட்டோகிராபர் ரிமோட்டில் மாட்டியிருந்த அவர் செல்போனை வாங்கி, அதில் தெரிந்த மேப்பை ரெண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இல்ல சார். வீடுன்னு காட்டுற புள்ளி இங்கதான், பஸ் டிப்போவுக்குப் பின்னாடி இருக்கு. மூணு கிலோமீட்டர்கூட வராது.”

போஸ்ட்மாஸ்டருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து இதைக் கொண்டுவந்து கொடுத்தானே மகனுடைய நண்பன், அவன் வேலை. பொட்டலத்தை நேரே கொண்டுவராமல் தன் வீட்டில் வைத்துப் பிரித்து, ஆசை தீர ஓட்டிப் பார்த்திருக்கிறான். இறக்கையில் ஒரு கீறல் இருந்ததற்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அடுத்தவர் பொட்டலத்தின் நூலைக்கூடத் தொட்டவர் இல்லை அவர். தொட்டவனைச் சும்மா விட்டவரும் இல்லை. கூட வருகிறேன் என்ற போட்டோகிராபரை, இது டிபார்ட்மெண்ட் விஷயம் என்று சொல்லி நிறுத்திவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

வழி நெடுக வசவை ஒத்திகை பார்த்தார். ஒரு சிக்னலில், பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்பே கேட்டுவிட்டார்.

விலாசம் கண்டுபிடிப்பது அவருக்கு மூக்கைத் தொடுகிற மாதிரி. ஊரில் எந்தச் சந்தில் எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டிப்போவின் பின்சுவரை ஒட்டி மூன்றாவது சந்து, பச்சைக் கம்பிக் கேட் போட்ட சின்ன வீடு. மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே, கைப்பிடிச் சுவர்மேல், பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி ட்ரோன் அக்கடாவென்று உட்கார்ந்திருந்தது.

மாட்டினான் பயல். போஸ்ட்மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்கவேயில்லை. ‘அடுத்தவங்க பொட்டலத்தைப் பிரிக்கிறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா’ என்ற முதல் வரி நாக்கு நுனியில் தயாராக நின்றது.

கதவு திறந்தது. ஆள் உயரத்துக்கு முறைத்தவர், அங்கே யாரும் இல்லாததால் பார்வையைக் கீழே இறக்கினார். இடுப்பு உயரத்தில் ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பின்னால், திறந்த ஜன்னலில், சாயங்கால வெயிலில் மஞ்சளாக என்னவோ ஆடியது.

அவள் தலையைச் சாய்த்து அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே திரும்பினாள்.

“அப்பா, போன்ல வர்ற தாத்தா நம்ம வாசல்ல நிக்கிறாரு.”