ஒன்றரை அடி

பூமியே புரண்டு படுத்தாலும் இந்த மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குக்கூடத் தூக்கம் கலையாது என்று தலைமைப் பொறியாளர் மேடைக்கு மேடை முழங்குவார். அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ரப்பர் மெத்தைகள். நிலநடுக்கத்தில் கட்டடம் நகர்ந்துகொடுக்கச் சுற்றிலும் ஒன்றரை அடி இடைவெளி. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வந்து பார்த்தால், அந்த இடைவெளி முழுக்கக் கான்கிரீட்.

"எந்த மடையன்யா இதை அடைச்சது? பூமி ஆடினா கட்டடம் இதுல முட்டி நொறுங்கும். உள்ள எத்தனை உயிர் இருக்கும் தெரியுமா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நீங்கதான் சார் அடைக்கச் சொன்னீங்க."

"நானா?"

"பள்ளத்துல ஒரு அம்மா விழுந்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தேன். ஏதோ பாராட்டு விழாவுக்குக் கிளம்பிட்டிருந்தீங்க. கார்ல ஏறிக்கிட்டே 'உடனே நிரப்பவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க."

"யோவ், அது பள்ளம் இல்லய்யா, இடைவெளி!"

"விழுந்தவங்களுக்குப் பள்ளம்தானே சார்."

"எவளோ கண்ணை எங்கேயோ வச்சுக்கிட்டு நடந்தா, அதுக்கு என் பத்து வருஷ உழைப்பு பலியா? யாருய்யா அவ?"

மேஸ்திரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்த வீட்டம்மாதான் சார். மூணு வாரம் ஆச்சே, மாவுக்கட்டு பிரிச்சாச்சா?"

அன்று காலையும் அவள்தான் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருந்தாள். காலில் கட்டு இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.