பின்பக்கம் பார்த்த சீட்

“இது என்ன பேத்தியா, பார்சலா? பட்டை போட்டுக் கட்டறதுக்கு!”

ஆஸ்பத்திரி வாசலில், காரின் பின்கதவை மறித்துக்கொண்டு நின்றாள் மாமியார். பிறந்து நாலு நாளான பேத்தியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“இந்த ஊர்ச் சட்டம் அத்தை. குழந்தை சீட் இல்லாம வெளிய விடமாட்டாங்க,” என்றான் மருமகன்.

“உங்க பொண்டாட்டியை நான் மடியில வச்சுதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். செத்தா போயிட்டா?”

“பிரேக் அடிச்சா மடி எங்க நிக்கும்? நீங்களே கண்ணாடி வழியா பறப்பீங்க.”

அந்தப் பொண்டாட்டி முன்சீட்டில், தையல் வலியில் கண்ணை மூடிக் கிடந்தாள். யார் ஜெயித்தாலும் சரி, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் அவளுக்கு.

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. பட்டையைச் சரிபார்க்க வார்டில் வைத்திருக்கும் பொம்மை, துண்டு சுற்றியபடி அவள் கக்கத்தில் இருந்தது. “குழந்தை முகம் காரோட பின்பக்கம் பார்த்துதான் இருக்கணும். பட்டை தொளதொளன்னு இருக்கக் கூடாது,” என்று சொல்லிக்கொண்டே மாமியாரை நகர்த்திவிட்டு உள்ளே குனிந்தாள்.

மருமகன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காரின் கூரைக்கு மேலாக மாமியாரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

“என் வீட்ல உட்கார்ந்து அதிகாரம் பண்ணது போதும். என் கார், என் பொண்ணு. நீங்க டாக்ஸி பிடிச்சு வாங்க!”

“திமிரு. உடம்பு பூரா திமிரு.”

“இறுக்கம் சரியா இருக்கு. இனிமே...” என்று நர்ஸ் நிமிர்ந்தாள். அவன் ஏறித் தன் கதவை அறைந்து சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினான். கிளம்பிய வேகத்தில் பின்கதவும் தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. பின்னால் யாரோ கூப்பாடு போட்டார்கள். மாமியார்தான், கத்தட்டும். நர்ஸ் கையை ஆட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. அவனும் ஆட்டினான்.

சிக்னலில் திரும்பிப் பார்த்தான். குழந்தை சீட்டின் முதுகுதான் தெரிந்தது.

“பார்த்தியா? ஒரு முனகல் இல்ல. உங்கம்மா மடின்னா இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும்.”

“அம்மாவை நடுத்தெருவுல விட்டுட்டு வந்துட்டீங்கல்ல,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல். “நல்லா இருங்க.”

போன் அடித்தது. மாமியார். இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தான். மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“மாப்பிள்ளை, பேத்தியை எங்கிட்ட விட்டுட்டு, நீங்க யாரைக் கட்டிக் கூட்டிட்டுப் போறீங்க?”