விண்ணரசியின் ஆடு

"கலியம்மாதான் பாஷாணம் வெச்சிருக்கா. வேற யாரு?"

ஏலாக்குறிச்சியில் விண்ணரசி வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நடுவே அவளுடைய சினையாடு செத்துக் கிடந்தது. காலையிலிருந்து பல்லை நறநறவென்று கடித்து, தண்ணீராய்க் கழிந்து, தள்ளாடித் தள்ளாடி விழுந்த ஆடு.

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வேலியோரம் நின்றிருந்தாள். பருத்திக் காட்டிலிருந்து பஞ்சு பறந்து வந்து அவள் தலைமுடியில் உட்கார்ந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை. பேச்செல்லாம் ஏரிக்கு அக்கரையில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. ஜப்பான்காரன் சண்டை முடிந்தும், பர்மாவுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அதிலிருந்தே அவளுக்கு எல்லாம் அப்படித்தான்.

"அவரைக் கொடியை மேஞ்சிடுச்சுன்னு போன வாரந்தான், 'இந்த ஆடு நாசமாப் போவ'ன்னு மண்ணை வாரித் தூத்தினா!"

"வாயைத் தொறக்கிறாளா பாருங்க," என்றார் மாட்டு வைத்தியர் அமிர்தசாமி. "மணியக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க. போலீஸ் வரட்டும்."

"யாரும் எங்கேயும் போவ வேணாம்."

விண்ணரசிதான். ஊரிலேயே பெரிய வாய்க்காரி. இன்று குரல் தணிந்திருந்தது.

"எலிக்குன்னு நான்தான் கஞ்சியில கலந்து வெச்சேன். மூட மறந்துட்டேன்."

"மாதா மேல சத்தியமா?"

அவள் கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"சத்தியமா."

"புள்ளைங்க நடமாடுற தெருவுல இப்படியா பாஷாணத்தைத் தொறந்து வெப்பே?" ஆளாளுக்குத் திட்டித் தீர்த்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

கொல்லையில் இருவருமாகக் குழி வெட்டினார்கள். நாய் தோண்டாதபடி ஆழமாக. ஆட்டை இறக்கியதும், விண்ணரசி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கலயத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

கலியம்மாள் வீட்டுக் கலயம்.

அப்போதுதான் கலியம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க்கா எனக்காக மாதா மேல பொய்ச் சத்தியம் பண்ணினே? ஆடு என் வூட்டுக் கஞ்சியைத்தான் குடிச்சிது. வயித்துல குட்டியோட அதைக் கொன்னவ நான்."

விண்ணரசி மண்ணைத் தள்ளினாள்.

"கலயம் பூரா எறும்பு, கலியம்மா. ஆட்டைக் கொல்ல வெக்கிற கஞ்சியில எவளாவது வெல்லம் போடுவாளா? நீ குடிக்கணும்னு காய்ச்சி ஆற வெச்சதை, என் ஆடு முந்திக்கிட்டுக் குடிச்சிருக்கு. வா, கையைக் கழுவிட்டு என் வூட்ல வந்து சாப்பிடு."