பொத்தானில் ஒரு பள்ளம்

பழம்பொருள் கடையில் கிடந்த பித்தளைப் பொத்தானின் முகத்தில் கிரீடமும், வெள்ளைக்கார ராஜாவின் முதலெழுத்தும், ஓரத்தில் ஒரு பள்ளமும் இருந்தன.

"பட்டாளத்துச் சட்டைதான். எத்தனை பேரைச் சுட்டீரோ!" என்று பக்கத்திலிருந்த பெல்ட் பக்கிள் தினமும் சீண்டியது. "பள்ளம்கூடக் குண்டு பட்டதுதான் ஓய்."

பொத்தானுக்கு எதுவும் நினைவில்லை. அதுதான் அதை வதைத்தது.

ஒருநாள் கடைக்காரர் அதைப் புளி போட்டுத் தேய்த்தார். அழுக்கு விலகியதும் பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தது.

"கீழே தபால் இலாகா என்று போட்டிருக்கிறதே. நீர் தபால்காரர் சட்டையில் இருந்தவர்."

"அப்படியானால் நான் யாரையும்…?"

"கடிதம்தான் கொடுத்திருக்கிறீர்."

"இந்தப் பள்ளம்?"

"பல் பதிந்திருக்கிறது. ஏதோ வீட்டு நாய்."

"நாய்க்கடியா!" பக்கிள் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஆமாம் ஓய், நாய்க்கடிதான்!" என்று பொத்தான் அதைவிடச் சத்தமாகச் சிரித்தது.