பெயர் கொடுத்தவன்

"அந்தச் சொல்லை எடுத்துவிடு, பிள்ளை."

அப்பா மூன்றாவது தடவையாகச் சொன்னார். சாருஜா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும். இரண்டு தரம் தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. லண்டன் ஃபாரஸ்ட் கேட் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் நாலரை காட்டியது.

பெருமைப்படுவார் என்று அச்சடித்த பிரதியை அவரிடம் நீட்டியது, யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதையாகிவிட்டது. லூயிஷாம் சிவன் கோயிலில் பூசிய விபூதிகூட அவர் நெற்றியில் அழியவில்லை. வருடா வருடம் இதே நாளில் தனியாகப் போய் மோட்ச அருச்சனை செய்துவிட்டு வருவார். யாருக்கு என்று கேட்டால், "ஒரு சிநேகிதனுக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

"துருக்கி அரசு சரியிற நேரம், யூத ஆக்களைப் பாலஸ்தீனத்திலை குடியேற விடேல்லை. மூண்டு மாசம் நிண்டு கும்பிட்டிட்டுப் போ, காணி வாங்க ஏலாது எண்டுது. அப்பிடித்தானே?"

"ஓம் அப்பா. ரஷ்யாவிலை அடிச்சுக் கலைச்ச சனம், திரும்பிப் போக ஏலாது. துருக்கிக் குடிமகனா இருந்த ஒரு யூதர், நாப்பது குடும்பத்தின்ரை காணியைத் தன்ரை பேரிலை பதிஞ்சார். அதுதான் என்ரை கண்டுபிடிப்பு."

சட்டம் தடுக்கில் நுழைந்தால் சனம் கோலத்தில் நுழைந்த அந்தக் கதைக்குத்தான் அவள் நாலு வருடம் செலவழித்திருந்தாள்.

"பேர் குடுத்தவனை மோசடிக்காரன் எண்டு எழுதியிருக்கிறாய்."

"வேறை என்னெண்டு எழுதிறது? பதிவிலை ஒருத்தர், காணியிலை வேறொருத்தர். அந்த நிலத்தை உழுத அரபுச் சனத்துக்கு உண்மை தெரியாமலே போச்சு. அந்தச் சொல்லை எடுத்தால் கடைசி அத்தியாயமே நிக்காது."

"இஞ்சேருங்கோ, பிள்ளையை அனுப்ப விடுங்கோவன்," என்றாள் அம்மா. கலியாணமான நாள் முதல் அவளுக்கு அவர் 'இஞ்சேருங்கோ'தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் ஆளில்லை.

நாலே முக்கால். சாருஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செத்து நூறு வருஷமான ஆளுக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து? அவர் உங்களுக்குச் சொந்தமோ?"

அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சண்டைக் காலம், கொழும்பிலை ஒருத்தன் தன்ரை பாஸ்போட்டையும் அடையாள அட்டையையும் எனக்குத் தந்தான். 'நீ போ, நான் பிறகு வாறன்' எண்டான். நான் லண்டனிலை இறங்கி மூண்டாம் நாள் அவனைச் சோதனைச் சாவடியிலை ஆமிக்காரர் மறிச்சவை. காட்ட அவனிட்டை ஒண்டும் இருக்கேல்லை. ஆள் வரவேயில்லை. இண்டைக்குத்தான் அந்த நாள்."

சாருஜா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அவரின்ரை பேர் என்ன அப்பா?"

அப்பா பிரதியை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அங்கே 'சாருஜா நவரத்தினம்' என்று அச்சாகியிருந்தது. அப்பாவின் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அவள் எழுதிவந்த அந்த இரண்டாவது சொல்லின்மேல் விரலை வைத்தார்.