ஒழுகாத அண்டா

டேப் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பசைதான் வரவில்லை.

எவர்சில்வர் அண்டாவின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பாக அப்பிக்கொண்டு நின்றது. அடுப்புச் சூட்டில் மூன்று மாதம் இளகி இளகி, தூசியும் கரியும் குடித்த பசை.

கலைவாணிக்குக் கல்யாணமாகியும் மூன்று மாதம்தான்.

மலைமேல் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே கேட்டாள், பார்சல் ஒட்டுகிற டேப்புக்கு அண்டாவில் என்ன வேலை என்று. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மாமியார் சாந்தம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அத எடுக்காதம்மா. ஒழுகும்."

ஒழுகுமாம். டேப் ஒட்டினால் நின்றுவிடுமாம். இதை நம்ப அவள் என்ன பால்வாடிப் பிள்ளையா?

அன்றைக்கே அண்டாவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. டேப்புக்கு நேர் உள்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள் விரலில் தட்டுப்பட்டன. வரிசையாக.

பேர். பாத்திரக்கடையில் உளி வைத்துத் தட்டித் தட்டி வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பேர்.

கல்யாண அண்டாவில் கல்யாணப் பெண்ணின் பேர்தான் இருக்கும். எந்தப் பெண்?

இளவரசனுக்கு முப்பத்திரண்டு வயது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு மினி வேன் ஓட்டுகிறவன். இத்தனை வருஷம் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் சிரிப்பான். சிரிப்பெல்லாம் ஒரு பதிலா?

நிச்சயமானதும் போனில் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள், மறைக்கிற சங்கதி ஏதாவது உண்டா என்று. இல்லை என்றான். உன் பக்கம் என்று திருப்பிக் கேட்டான். இல்லை என்றாள். அதோடு முடிந்தது.

மூன்று மாதத்தில் ஒரு நாளாவது நீ என்ன படித்தாய் என்று அவன் கேட்டதில்லை. பத்திரிகையில் இவள் பேருக்குப் பின்னால் பட்டத்தைப் போடவில்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று அப்பா சமாளித்தார். இவர்கள்தான் எடுக்கச் சொல்லியிருப்பார்கள் என்று அப்போதே கலைவாணிக்குப் பட்டது.

மாமியாரின் கைதான் எல்லாவற்றையும்விடச் சந்தேகம். அண்டாவைத் துலக்கும்போதெல்லாம் டேப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் நெருடிப் பார்ப்பாள். பிறகு கலைவாணியைப் பார்ப்பாள். பிறகு துலக்குவாள்.

இன்றைக்குத்தான் வாய்த்தது. இளவரசன் புளி ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி போயிருந்தான். சாந்தம்மாள் ஆலங்காயம் போயிருந்தாள். இரண்டு மணி பஸ்ஸில்தான் வருவாள். அந்த பஸ் மலையை விட்டுத் திரும்ப இறங்கும்போது, பேர் இன்னொருத்தியுடையதாக இருந்தால், கலைவாணி அதில் உட்கார்ந்திருப்பாள். பையில் துணி வைத்தாகிவிட்டது.

சுடுதண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். பசை நகர்ந்ததே தவிரப் போகவில்லை. சாம்பல் போட்டாள். இன்னும் கருத்தது. கத்தியை எடுத்து, கீறல் விழும் என்று வைத்துவிட்டாள்.

பிறகுதான் புத்தி வந்தது. பசை தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மூன்று வருஷம் படித்த கெமிஸ்ட்ரி இந்த வீட்டில் முதல்தடவையாக உதவுகிறது.

தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துப் பசைமேல் போட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டாள். சுரண்ட ஏதாவது மொண்ணையாக வேண்டும். பையைக் கிளறியதில் அடியில் கிடந்த காலேஜ் அடையாள அட்டை கைக்கு வந்தது. அதன் விளிம்பால் இடது கோடியிலிருந்து தள்ளினாள்.

பசை சுருண்டு சுருண்டு உருண்டையாகக் கழன்றது. உளி வெட்டிய புள்ளிகளுக்குள் மட்டும் கறுப்பாகத் தங்கிப்போனது. அதனால் எழுத்து இன்னும் தெளிவாகவே தெரிந்தது.

முதல் எழுத்து க.

கனகாவா? கஸ்தூரியா? இன்னொரு தள்ளு.

லை.

மடமடவென்று தள்ளினாள். கலைவாணி என்று இருந்தது.

அதே பேரில் இன்னொருத்தியா? அப்படியும் இருக்கும், இவர்களை நம்ப முடியாது. வலது பக்கம் இன்னும் நாலு விரற்கடை பசை மிச்சமிருந்தது. அதையும் தள்ளினாள்.

பி.எஸ்சி.

கலைவாணி அட்டையைக் கீழே போட்டாள்.

அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், போளூர் சரிவில். அங்கே அப்பாவுக்கு வெறும் கலைவாணி என்று சொல்ல வராது. பஸ் கண்டக்டரிடம்கூட "எங்க கலைவாணி பி.எஸ்சி." என்றுதான் சொல்வார். சீர்ச் சாமானைப் போளூரில் தனியாகப் போய் வாங்கி, நேராக இங்கே ஏற்றிவிட்டவரும் அவர்தான். அவள் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. கடையில் பேர் கேட்டபோது பழக்கத்தில் முழுசாகச் சொல்லியிருப்பார். வெட்டின பிறகுதான் சுருக்கென்றிருக்கும். உளி எழுத்தை அழிக்க முடியுமா?

பெண் பார்க்க வந்த அன்று அவர் காதோடு சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. காலேஜ் பேச்சை எடுக்காதே, அவர்களுக்கு எல்லாம் தெரியும். பத்தாவதோடு நிறுத்திய மாப்பிள்ளை வீட்டில் பட்டத்தைப் பற்றி அவர் சொல்லியே இருக்கமாட்டார்.

வாசலில் நிழல் விழுந்தது. இரண்டு மணி பஸ் வந்த சத்தம் அவள் காதில் ஏறவேயில்லை.

சாந்தம்மாள் பையை இறக்காமல் அப்படியே நின்றாள். அண்டாவைப் பார்த்தாள், கழற்றிப் போட்ட டேப்பைப் பார்த்தாள், மூலையில் கட்டி வைத்திருந்த துணிப்பையையும் பார்த்தாள். கோபப்படவில்லை. கிட்டே வந்து குந்தி, கறுப்பு எழுத்துகளின்மேல் கட்டை விரலை ஓட்டினாள். கலைவாணியின் பேரில் ஓடிய விரல் அதைத் தாண்டியும் ஓடியது.

"உங்கப்பாதான் ஒட்டி அனுப்பிச்சாரு. ஒழுகும், எடுக்காதீங்கன்னாரு. ஓட்ட அண்டாவ எந்த அப்பனாவது பொண்ணுக்கு சீரா குடுப்பானா? மூணு மாசமா எனக்குள்ளயும் அதே ரோசனதான். எனக்கு எழுத்து தெரியாது. இன்னா போட்டுகீது, நீயே படி."

கலைவாணி படித்தாள். பேரோடு நிறுத்தவில்லை.