காது கேட்காத சம்பந்தி

“அம்மா, அவங்க கேட்டது தண்ணி! நீ காபி கலக்கறே!”

அடுப்பைப் பார்த்து நின்ற பூங்கொடியின் தோளைத் தட்டி, மூன்றாவது முறையாகக் கத்தினாள் அபிநயா. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது. பரமத்தி வேலூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும்தான் வந்திருந்தார்கள். அபிநயா கூடத்துக்கு வந்து, “அம்மாவுக்குச் சுத்தமாக் காது கேக்காதுங்க. தப்பா நெனைக்காதீங்க” என்றாள் அவர்களிடம்.

“அதுக்கென்ன சாமி! கல்யாணத்துக்கு அப்புறமும் நீ ஈரோட்டு லேப் வேலைக்குப் போலாம். எங்களுக்குச் சம்மதந்தான்” என்றார் அந்த அப்பா.

அபிநயா மகிழ்ச்சியோடு தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். பூங்கொடி வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்து சிரித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா அடிக்குரலில் சீறினார்.

“ஏனுங்க, வேலைக்குப் போலாம்னு வாக்குக் குடுக்கறீங்க! ஊட்டு வேலையெல்லாம் நானே பாக்கோணுமா?”

“அட, இப்போதைக்குச் சொல்லி வெச்சேன். தாலி ஏறின மறுநாளே நிறுத்திக்கலாம்” என்று முணுமுணுத்தார் அவர்.

அபிநயா தண்ணீர்ச் சொம்போடு திரும்பி வந்தாள். பூங்கொடி அதை வாங்கி மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினாள்.

“குடிச்சுட்டுக் கெளம்புங்க. தாலி ஏறின மறுநாளே வேலைய நிறுத்தற ஊட்டுக்கு எம்புள்ளய அனுப்பறதா இல்லீங்க.”

அவர் திகைத்துப் போனார். “உங்களுக்குத்தான் காது கேக்காதே!”

“விசைத்தறிப் பட்டறையில இருவத்தஞ்சு வருசம் தறி ஓட்டுனேனுங்க. காது அங்கதான் போச்சு. அந்தச் சத்தத்துல நாங்க ஒருத்தர் வாயசைவ ஒருத்தர் பாத்துத்தான் ஊர்க்கதையே பேசுவோம்.”